கஞ்சாவுக்குள் இருக்கும் புகையிலை: அம்பாறைக் கரையோரத்தை முன்வைத்து

இலங்கையில் கஞ்சா பெரும்பாலும் தனித்துப் புகைக்கப்படுவதில்லை. சிகரெட்டிலிருந்தோ பீடியிலிருந்தோ உதிர்த்தெடுத்த புகையிலைத் தூளோடு கலந்தே புகைக்கப்படுகிறது. மருதமுனையில் தொடங்கி கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று பொத்துவில் வரை நீளும் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களும் இதற்கு விலக்கல்ல. ஆனால் இந்தப் பழக்கத்துக்கு ஊரில் வழங்கும் பெயர் ‘கஞ்சா அடிப்பது’ மட்டுமே. பொலிஸ் பதிவேட்டில் ஏறுவதும், ஜும்ஆ குத்பாவில் கண்டிக்கப்படுவதும், பாடசாலை விழிப்பூட்டலில் படம் போட்டுக் காட்டப்படுவதும் கஞ்சாதான். அதே சுருளில் பாதியாகவோ அதற்கு மேலாகவோ இருக்கும் புகையிலையை யாரும் எண்ணுவதில்லை. அன்றாடம் ஆளை இறுக்கிப் பிடிப்பதிலும் நுரையீரலைக் கெடுப்பதிலும் பெரும் பங்கு அந்த எண்ணப்படாத பாதியினுடையது என்பதுதான் கடந்த நாற்பது ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது கிடைக்கும் படம்.

கலவை தயாராகும் விதமே சிலவற்றைச் சொல்லிவிடுகிறது. கடையில் சில்லறையாக வாங்கிய ஒற்றைச் சிகரெட்டைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல உருட்டினால் உள்ளிருக்கும் தூள் இளகி உள்ளங்கையில் கொட்டும். அதில் ஒரு பகுதி வீசப்படும். மீதியோடு, காகிதச் சரையிலிருந்து எடுத்து விதையும் காம்பும் நீக்கி நொறுக்கிய கஞ்சா சேரும். கலந்ததை அதே வெறுங்குழலுக்குள் திரும்ப அடைத்து நுனியை முறுக்கிவிடுவார்கள். முடிவில் கையில் இருப்பது, தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வணிகப் பெயர் அச்சிட்ட சாதாரணச் சிகரெட்தான். ஒருவரை ஒருவர் வாப்பா பெயர் சொல்லி அறியும் ஊர்களில் இது சிறிய வசதியல்ல. மணம் மட்டுமே காட்டிக்கொடுக்கும். கடற்கரைக் காற்றில் அதுவும் நிலைப்பதில்லை.

ஒரு சிகரெட்டில் சுமார் 0.7 கிராம் புகையிலையும், அதில் 10 மில்லிகிராமுக்கு மேல் நிக்கொட்டினும் இருக்கும். புகைப்பவரின் உடலில் சேர்வது அதில் ஏறத்தாழ 1 மில்லிகிராம். தூளில் பாதியை வீசியபின் செய்யப்படும் கலவைச் சுருள் அரைச் சிகரெட்டுக்குச் சமம். நாளுக்கு நான்கு சுருள் புகைப்பவர், ‘எனக்குச் சிகரெட் பழக்கம் இல்லை’ என்று மனதாரச் சொன்னாலும், இரண்டு சிகரெட்டுக்குரிய நிக்கொட்டினை ஏற்றிக்கொண்டவர். பீடித் தூள் கலப்பவரின் கணக்கு இன்னும் கனமானது. பீடிப் புகையிலையில் நிக்கொட்டின் செறிவு அதிகம். பீடியாகவே சுற்றிப் புகைத்தால், காற்றை எளிதில் உள்ளே விடாத தெந்து இலை அடிக்கடி அணையும் என்பதால் இழுப்பும் கூடும்.

ஏன் கலக்கிறார்கள் என்று கேட்டால் வரும் பதில்கள் உலகெங்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: சீராக எரியும், கஞ்சா மிச்சமாகும், காரம் குறையும், மணம் மறையும். இலங்கையில் முதல் காரணத்துக்குப் பொருள் உண்டு. ‘கேரளக் கஞ்சா’ என்ற பெயரில் கடல் வழியாக வருவது, கட்டியாக அழுத்திப் பொதி செய்யப்பட்ட சரக்கு. அதைப் பிரித்து உதிர்த்தாலும் ஒரே சீராக நெருப்புப் பற்றாது. உள்ளூர்க் காட்டுச் சேனைகளில் அவசரமாக வெட்டி அரைகுறையாக உலர்த்தப்பட்டதோ ஈரப்பதம் போகாதது. நன்கு பதப்படுத்திய புகையிலைத் தூள் இரண்டுக்கும் நெருப்பைத் தாங்கிக் கொடுக்கிறது. மிச்சம் பிடிக்கும் காரணம்தான் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. வரிக்கு மேல் வரி ஏறி ஒரு சிகரெட்டின் விலை நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட நாட்டில், புகையிலையை மலிவான நிரப்பு என்று சொல்ல முடியாது. ஆனாலும் வழக்கம் மாறவில்லை. சொல்லப்படும் காரணங்களில் ஒன்று தளர்ந்தபின்னும் பழக்கம் அசையாமல் நிற்கிறது என்றால், சொல்லப்படாத காரணம் நிக்கொட்டின்தான் என்று கொள்வதே பொருத்தம்.

இந்தத் தீவில் கஞ்சாவும் புகையிலையும் ஆதியிலிருந்தே ஒன்றாகத் திரிந்தவை அல்ல. கிழக்குக் கரையோடு தொடர்புள்ள ஒரு பழைய சாட்சியம் இதற்கு உதவுகிறது. 1660இல் கொட்டியாரக் குடாவில், அதாவது இன்றைய மூதூர்ப் பக்கத்தில், கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்ட ஆங்கிலக் கப்பலோட்டி ரொபர்ட் நொக்ஸ், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலைநாட்டில் சிறையிருந்து 1679இல் தப்பினார். 1681இல் வெளியான அவருடைய நூலில், கெட்ட நீரைக் குடித்ததால் வந்த காய்ச்சலுக்கு மாற்றாக ‘பங்கா’ என்று போர்த்துக்கேயர் வழங்கிய உலர்ந்த இலையைப் பொடித்து, உள்ளூர் வெல்லத்தோடு சேர்த்து, காலையும் மாலையும் வெறும் வயிற்றில் உண்டதாக எழுதுகிறார். தலை சுற்றியதையும் மறைக்கவில்லை. இலண்டனில் ரோயல் சங்கத்தின் முன் ரொபர்ட் ஹூக் 1689 டிசம்பரில் இந்த இலையைப் பற்றி உரையாற்றியபோது அவருக்குத் தகவல் தந்தவர் இதே நொக்ஸ்தான். 17ஆம் நூற்றாண்டுக் கிழக்கிலங்கையிலும் கண்டியிலும் சுற்றிய ஒருவரின் அனுபவத்தில் கஞ்சா என்பது உண்ணும் பொருளாகவே இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

தென்னாசியா முழுவதற்கும் இது ஓரளவு பொருந்தும். பாலில் கரைத்த பாங்கு, நெய்யில் வறுத்துக் கிண்டிய லேகியம், யூனானி ஹக்கீம்களின் மஃஜூன் ஆகிய எல்லாமே வயிற்று வழிதான். மத்திய ஆசியாவின் பாமீர் மலைகளில் 2,500 ஆண்டுகளுக்கு முந்தைய கல்லறைகளில் கஞ்சா எரித்த தணல்கிண்ணங்கள் கிடைத்திருப்பது உண்மை. ஆனால் அது ஈமச் சடங்கின் தூபம். குழலில் அடைத்து வாயால் இழுக்கும் வழக்கம் இந்தப் பகுதியில் பரவியது, அமெரிக்கக் கண்டத்துப் புகையிலையைப் போர்த்துக்கேயர் கொண்டுவந்து சேர்த்த பிறகே. புகைக்கும் கருவியையும் முறையையும் கஞ்சா புகையிலையிடமிருந்தே கடன் வாங்கியது. கடன் கொடுத்ததும் கூடவே ஒட்டிக்கொண்டது. இந்தியச் சணல் போதைப்பொருள் ஆணைக்குழு 1893–94இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தபோது இணைப்பு முழுமையடைந்திருந்தது. கஞ்சாவை நனைத்து, உள்ளங்கையில் பெருவிரலால் அழுத்திப் பிசைந்து, நறுக்கி, சிறிது புகையிலையோடு சிலும்பிக் குழாயில் இடுவதையே அதன் அறிக்கை வழக்கமான முறையாக விவரிக்கிறது. உள்ளங்கையும் பெருவிரலும் இன்றும் அதே வேலையைத்தான் செய்கின்றன. சிலும்பியின் இடத்தைச் சிகரெட் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

இன்று கல்முனைப் பகுதிக்குக் கஞ்சா வரும் வழிகள் இரண்டு. ஒன்று தரைவழி. கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை என்று வந்து மட்டக்களப்பில் முடியும் ஏ-4 நெடுஞ்சாலை, நாட்டின் முக்கிய கஞ்சாச் சேனைப் பகுதிகளை ஒட்டியே செல்கிறது. வெல்லவாய, தணமல்வில, சியம்பலாண்டுவ, லாகுகல காடுகளில் விசேட அதிரடிப்படையும் பொலிஸாரும் தோட்டங்களைக் கண்டுபிடித்துத் தீயிடுவது ஆண்டு முழுவதும் வரும் செய்தி. மற்றையது கடல்வழி. தமிழகக் கரையிலிருந்து பாக்கு நீரிணை தாண்டி மன்னார், யாழ்ப்பாணக் கரைகளில் இறங்கும் பொதிகள் அங்கிருந்து நாடெங்கும் பிரிகின்றன. இதைக் கேரளக் கஞ்சா என்று அழைத்தாலும், தமிழகத்தில் பிடிபடும் சரக்கில் பெரும்பகுதி ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளில் விளைவது. அதே கடல்வழியில் கடற்படையிடம் மாட்டும் இன்னொரு பொருள் பீடி இலை. இறக்குமதி வரியைத் தவிர்க்க மூட்டை மூட்டையாக வருகிறது. கஞ்சாவும் அதைக் கலக்கும் பீடியின் மேலிலையும் சில வேளை ஒரே நீரிணையை ஒரே வகைப் படகில் கடக்கின்றன.

கரைக்கு வந்தபின் சட்டம் கஞ்சாவையும் புகையிலையையும் பிரித்துவிடுகிறது. கஞ்சா, 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. 1984இல் ஹெரோயின், கொக்கேயின், மோர்பின், அபின் ஆகியவற்றுக்கு மரண தண்டனை வரை கடுமை கூட்டப்பட்டது. கஞ்சாவைச் சிறிய அளவில் வைத்திருந்த வழக்குகளோ பெரும்பாலும் நீதவான் நீதிமன்றத்தில் தண்டப்பணத்தோடு முடிகின்றன. புகையிலை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகார சபையின் பொறுப்பு. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது, விளம்பரம் கூடாது, பெட்டியின் பெரும்பகுதியைப் படத்துடன் கூடிய எச்சரிக்கை மறைத்திருக்க வேண்டும். இந்த எச்சரிக்கைப் படம் கலவைச் சுருள் புகைக்கும் இளைஞனின் கண்ணில் படுவதே அரிது. அவன் பெட்டி வாங்குவதில்லை. ஒற்றைச் சிகரெட்தான் வாங்குகிறான்.

இரண்டு சட்டங்களுக்கும் இடையில் இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. சித்தமும் யூனானியும் சேர்ந்த சுதேச வைத்தியத்தை நெறிப்படுத்தும் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் துணையோடு, கஞ்சா சேர்ந்த மருந்துகள் முறைப்படி தயாராகின்றன. நீதிமன்றங்களில் சான்றுப் பொருளாக வந்த கஞ்சாவே இதற்கான மூலப்பொருளாகப் பயன்படுத்தப்பட்டு வந்திருக்கிறது. ‘மதன மோதகம்’ என்ற பெயரில் பாடசாலைகளின் அருகே விற்கப்படும் உருண்டைகளைப் பொலிஸார் பிடிப்பதும் இந்தக் கதவின் மறுபக்கமே. இந்த உருண்டையில் போதை உண்டு, புகை இல்லை, புகையிலை இல்லை. ஆபத்து இல்லாதது என்பதல்ல. உண்ட கஞ்சா மெதுவாக ஏறி நெடுநேரம் நிற்பதால் அளவு மீறுவது எளிது. ஆனால் நிக்கொட்டின் அடிமைத்தனத்தை அது உண்டாக்குவதில்லை.

மார்க்கச் சட்டத்தில் இவ்விரு செடிகளும் வெவ்வேறு நூற்றாண்டுகளில் வந்து சேர்ந்தவை. கரையோர முஸ்லிம் ஊர்களின் மனப்பாங்கை விளங்கிக்கொள்ள இது அவசியம். கஞ்சா பற்றிய விவாதம் மம்லூக் காலத்திலேயே முடிந்துவிட்டது. 1392இல் மறைந்த ஷாஃபிஈ அறிஞர் ஸர்கஷீ, ஹஷீஷ் ஹராம் என்று நிறுவத் தனி ஏடே எழுதினார். 16ஆம் நூற்றாண்டில் பொன்னானியின் ஸைனுத்தீன் மலைபாரி எழுதி, இன்றும் இலங்கை அரபு மத்ரஸாக்களில் ஓதப்படும் ‘ஃபத்ஹுல் முஈன்’, திடப்பொருளாக உள்ள போதையூட்டிகள் ஹராம்தான் என்றாலும் மதுவுக்குரிய ஹத் என்னும் வரையறுத்த தண்டனை அவற்றுக்கு இல்லை, நீதிபதி தீர்மானிக்கும் தஃஸீரே உண்டு என்று வகுக்கிறது. புகையிலை இந்த நூல்களுக்குள் வர வாய்ப்பே இருக்கவில்லை. உஸ்மானியப் பகுதிகளுக்கு அது வந்து சேர்ந்ததே 1600ஐ ஒட்டித்தான். வந்ததும் கருத்து பிளந்தது. 1659இல் மறைந்த எகிப்தின் கல்யூபீ தடுக்கப்பட்டது என்றார்; 1731இல் மறைந்த திமிஷ்க்கின் நாபுலூஸீ ஆகுமானது என்று நூல் எழுதினார். மக்ரூஹ், அதாவது வெறுக்கத்தக்கது, என்று இடையில் நின்றவர்களும் ஏராளம். உடல்நலக் கேடு ஐயமற நிறுவப்பட்ட பின்னர் ஹராம் என்னும் தீர்ப்பு இன்று வலுத்திருக்கிறது. ஆனால் மூன்று நூற்றாண்டுத் தயக்கம் ஊர் வழக்கில் படிந்துபோனது. வெற்றிலையோடு புகையிலை போடும் மூத்தம்மாவையும், சுருட்டுப் பிடிக்கும் அப்பாவையும் யாரும் பாவியாகப் பார்த்ததில்லை. சிகரெட் பிடிக்கும் மகன் வாப்பா வரும்போது அதை மறைத்தால் போதும். கஞ்சாக்காரன் என்ற பெயரோ கல்யாணப் பேச்சு வரை தொடரும். ஏற்கப்பட்ட இலைக்குள் ஏற்கப்படாத இலை ஒளிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான சமூக ஏற்பாடு வேண்டியதில்லை.

எந்த இலை எவ்வளவு இறுகப் பிடிக்கிறது என்பதைக் காண இந்த ஊர்களில் ஆண்டுக்கு ஒரு முறை இயல்பான ஒரு வாய்ப்பு வருகிறது. ரமழான் நோன்பின்போது ஸஹர் முடிவிலிருந்து மஃரிப் வரை, இந்த அட்சரேகையில் சுமார் 13 மணி நேரத்துக்கு மேல், புகை கூடாது; புகைத்தால் நோன்பு முறியும். நிக்கொட்டினின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 2 மணி நேரம். ஆகவே லுஹருக்கு முன்பே இரத்தத்தில் அதன் அளவு வெகுவாக இறங்கிவிடும். எரிச்சல், தலைவலி, கவனச் சிதறல், சிறு பேச்சுக்கும் சீற்றம் ஆகியன அஸருக்குள் வந்துவிடும். கஞ்சாவின் செயற்பொருளான டிஎச்சி கொழுப்பில் கரைந்து தங்கி, நாள் கணக்கில் மெதுவாக வெளியேறுவது. 13 மணி நேர இடைவெளியை அது பெரிதாக உணர்த்தாது. கலவை புகைப்பவர் நோன்புப் பகலில் படும் அவதியின் பெரும்பகுதி புகையிலையுடையது. நோன்பு துறந்ததும் பேரீச்சம்பழம், கஞ்சி, கஞ்சிக்கு மேல் முதல் சிகரெட் என்று கை தேடுவதும் அதைத்தான். ஒரு மாதம் பகல் முழுவதும் விட்டிருக்க முடிந்தவருக்கு முழுமையாக விடும் ஆற்றல் ஓரளவு இருக்கிறது என்பதும் இதிலிருந்து தெரிகிறது. ஆனால் இரவின் கலவைச் சுருள் அந்த வாய்ப்பைக் கெடுத்துவிடுகிறது. தராவீஹுக்குப் பின் ‘கஞ்சா மட்டும்’ என்று தொடுபவர் நிக்கொட்டினையும் தொட்டுவிடுகிறார்.

எரியும்போது நடப்பதை ஆய்வுகூடங்கள் நெருங்கிப் பார்த்திருக்கின்றன. நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, புகையிலை சேர்ந்தபோது கஞ்சாவிலிருந்து டிஎச்சி ஆவியாகிப் புகைக்குள் வரும் திறன் 45 வீதம் வரை கூடியது. ‘கலந்தால் நன்றாக ஏறும்’ என்ற பாவனையாளர் பேச்சில் ஓர் உண்மைத் துளி இருக்கிறது என்பதற்கு இது சான்று. இலண்டனில் 24 பேரைக் கொண்டு நடத்தி 2017இல் வெளியான பரிசோதனை வேறு வகையில் குழப்பியது. புகையிலை சேர்ந்ததால் போதை உணர்வு கூடவில்லை. கஞ்சாவால் வரும் மறதியைப் புகையிலை ஓரளவு ஈடு செய்தது. இதயத் துடிப்பு மட்டும் இரண்டும் சேர்ந்தபோதே மிக அதிகமாக ஏறியது. போதை கூடாமல் தெளிவு சற்று மிஞ்சுவதால், கலவையே பழக எளிதாகிறது என்று ஊகிக்க இடமுண்டு. வேலைக்குப் போக வேண்டிய, வீட்டாரோடு பேச வேண்டிய இளைஞனுக்கு அந்தச் சிறு தெளிவு ஒரு கவர்ச்சி. இதயம் கொடுக்கும் விலை அவன் கணக்கில் இல்லை.

நுரையீரல் கொடுக்கும் விலை இழுக்கும் முறையிலிருந்து தொடங்குகிறது. சிகரெட்டை இழுத்து ஊதிவிடுவார்கள். கஞ்சாவை ஆழ இழுத்து மூச்சைப் பிடித்து வைப்பார்கள். 1988இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான லொஸ் ஏஞ்சலிஸ் ஆய்வு, இரண்டையும் புகைக்கும் 15 ஆண்களிடம் இதை அளந்தது. கஞ்சாவின்போது மூச்சைப் பிடித்திருந்த நேரம் நான்கு மடங்கு. இரத்தத்தில் சேர்ந்த காபனோரொட்சைட்டு ஏறத்தாழ ஐந்து மடங்கு. உள்ளே போன தார் மூன்று மடங்கு. அந்த ஆய்வில் கஞ்சாவும் புகையிலையும் தனித்தனியே எரிந்தன. கலவைச் சுருளில் நடப்பது இன்னும் மோசம்: புகையிலைப் புகையும் கஞ்சாவின் முறையில் உள்ளிழுக்கப்பட்டு, கஞ்சாவின் நேரத்துக்குப் பிடித்து வைக்கப்படுகிறது. சிகரெட் பிடிப்பவர் யாரும் சிகரெட்டை இப்படி இழுப்பதில்லை. வன்கூவரில் 40 வயதைத் தாண்டிய 878 பேரிடம் நடத்தி 2009இல் வெளியிடப்பட்ட ஆய்வில், கஞ்சா மட்டும் புகைத்தவர்களிடம் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் கூடியதாகத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. புகையிலையோடு கஞ்சாவும் சேர்ந்தவர்களிடம் ஆபத்து, புகையிலை மட்டும் புகைத்தவர்களைக் காட்டிலும் மேலே சென்றது. கஞ்சா தனித்து நுரையீரலுக்கு நல்லது என்று இதைப் படிக்கக் கூடாது. தனித்துப் புகைப்பவர்களுக்கும் நாட்பட்ட இருமலும் சளியும் வருகின்றன.

அடிமைத்தனம் பற்றிய ஊர்ப் பேச்சு எப்போதும் ஒரே திசையில் ஓடும்: முதலில் சிகரெட், பிறகு கஞ்சா, பிறகு குடு எனப்படும் ஹெரோயின், இப்போது ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமைன். பாடசாலைச் சுவர்ப் படங்களும் இந்த ஏணியைத்தான் வரைகின்றன. ஏணியில் கீழ்நோக்கியும் ஆட்கள் இறங்குவதை அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பதின்ம வயதினரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. முன்பு புகையிலையே தொடாத, ஆனால் வாரந்தோறும் கஞ்சா புகைத்த இளையோர், பின்னர் சிகரெட்டைத் தொடங்கும் வாய்ப்பு பல மடங்கு கூடியிருந்தது. கலக்கும் வழக்கமுள்ள நாட்டில் இதில் வியப்பில்லை. சிகரெட்டே பிடிக்காத பையன் ஒருவன் நண்பரோடு கலவைச் சுருளை இழுக்கும்போது அவன் வாழ்வின் முதல் நிக்கொட்டின் அங்கேதான் சேர்கிறது. அது 10–20 விநாடிகளில் மூளையைத் தொடும். டிஎச்சியின் இன்பத்தோடு ஒட்டியே அந்தத் தொடுகையும் நினைவில் பதிகிறது. சில மாதங்களில் கஞ்சா கிடைக்காத நாளில் வெறுஞ்சிகரெட் போதுமாகிவிடும். சிகரெட்டைப் பற்றவைக்கும் ஒவ்வொரு முறையும் கஞ்சா நினைவுக்கு வரும். மூளைக்குள் இந்த இரு பாதைகளும் பின்னியிருப்பதை மருந்து உலகின் ஒரு தோல்வியும் சொல்கிறது. கஞ்சா செயற்படும் அதே ஏற்பியை அடைக்கும் ரிமோனபாந்த் என்ற மருந்து உடல் பருமனுக்காக 2006இல் ஐரோப்பாவுக்கு வந்தது. சிகரெட்டை விடவைக்கவும் அதைச் சோதித்தார்கள், ஓரளவு பயனும் இருந்தது. கடும் மனச்சோர்வைத் தூண்டியதால் 2008இல் நிறுத்தப்பட்டது.

உலகப் படம் இந்த விடயத்தில் ஒரே நிறமல்ல. 33,687 கஞ்சா பாவனையாளர்களிடம் எடுத்து 2016இல் வெளியான பன்னாட்டுக் கணிப்பில், ஐரோப்பிய நாடுகளில் புகையிலையோடு சேர்த்தே பாவிப்பவர்கள் 77 முதல் 91 வீதம் வரை. ஐக்கிய அமெரிக்காவிலோ 10 வீதத்துக்கும் குறைவு. மொரோக்கோவிலிருந்து வரும் பிசின் ஐரோப்பாவில் பரவியதும், அது தானாக எரியாததும் வேறுபாட்டின் ஒரு பகுதியை விளக்கும். இன்னொரு பகுதி வெறும் பழக்கம். நெதர்லாந்தில் 2008 ஜூலையில் உணவகங்களிலும் மதுவகங்களிலும் புகையிலை புகைக்கத் தடை வந்தபோது, கஞ்சா விற்கச் சகித்துக்கொள்ளப்பட்ட கடைகளில் தனிக் கஞ்சாவைப் புகைக்கலாம், புகையிலை கலந்த சுருளைப் புகைக்கக் கூடாது என்ற நிலை உருவானது. கல்முனையின் சட்டப்படத்தை அப்படியே தலைகீழாக்கியதுபோல் இது. மே முதல் செப்டெம்பர் வரை அறுகம் குடாவின் அலைகளுக்காக வரும் ஐரோப்பியப் பயணிகள் இந்தக் கரைக்குக் கொண்டுவரும் வழக்கமும் கலக்கும் வழக்கமே என்பதால், அங்கே உள்ளூர் முறையை மாற்றும் வெளித்தாக்கம் எதையும் எதிர்பார்ப்பதற்கில்லை.

இலங்கையின் கணக்குகளிலும் பிளவு தொடர்கிறது. தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 2019 கணிப்பு கஞ்சா பாவனையாளர்களைச் சுமார் 3 இலட்சம் என்று மதிப்பிட்டது. சுகாதார அமைச்சின் 2015 தொற்றா நோய்க் கணிப்பு, வயது வந்த ஆண்களில் சுமார் 29 வீதத்தினர் புகைப்பதாகவும், பெண்களில் மிக அரிது எனவும் காட்டியது. ஒரே ஆள் இரண்டு ஏடுகளில் இரண்டு ஆளாக நிற்கிறார். உதவி கேட்டாலும் அப்படித்தான்: போதைப்பொருளுக்கு 1927ஐ அழைக்க வேண்டும், புகைத்தலை விட 1948ஐ அழைக்க வேண்டும். 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் நீதிமன்ற ஆணையின் பேரில் கட்டாய சிகிச்சைக்கு வழி செய்தது. 2023 டிசம்பரில் தொடங்கிய ‘யுக்திய’ நடவடிக்கை ஆயிரக்கணக்கானோரைப் பிடித்து, சிலரைக் கந்தகாடு போன்ற புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பியது. இவை எவற்றிலும் புகையிலை முதற்கேள்வியாக இருந்ததில்லை.

சிகிச்சையில் அது முதற்கேள்வியாக வேண்டியதற்கு நேரடிக் காரணம், இரண்டையும் விடும்போது வரும் தொல்லைகள் ஒன்றுபோல் இருப்பதுதான். நிக்கொட்டினை நிறுத்திய சில மணி நேரத்தில் எரிச்சலும் அமைதியின்மையும் தொடங்கி, 2–3 நாளில் உச்சம் கண்டு, 2–4 வாரத்தில் தணியும். கஞ்சாவுக்கு அது ஓரிரு நாள் கழித்துத் தொடங்கி, முதல் வாரத்தில் உச்சமடைந்து, இரண்டு வாரமளவில் அடங்கும். தூக்கம் கெடுவது, சிடுசிடுப்பு, மனக்கலக்கம் இரண்டுக்கும் பொது. பசியில்தான் வேறுபாடு: நிக்கொட்டினை விட்டால் பசி கூடும், கஞ்சாவை விட்டால் குறையும். கலவையைத் திடீரென விட்ட இளைஞன் முதல் நாள் மாலையே தாங்க முடியாமல் தவித்தால், அது கஞ்சா அல்ல, நிக்கொட்டின். அதற்கு நிக்கொட்டின் ஒட்டுப்பட்டை, சுவிங்கம் போன்ற மாற்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அவற்றை 2009இலும், வரெனிக்லினையும் புப்ரோபியோனையும் 2021இலும் சேர்த்தது. கஞ்சாவுக்கு இத்தகைய மருந்து இன்னும் இல்லை. மருந்துள்ள பாதியைக் கேட்காமல் விட்டு, மருந்தில்லாத பாதியோடு மட்டும் போராடுவது வீண் சிரமம். ‘கஞ்சாவை விடு, சிகரெட்டைப் பிறகு பார்க்கலாம்’ என்று வீட்டாரும் ஆலோசகரும் இரக்கத்தோடு சொல்வதும் கலவைக்காரருக்குப் பொருந்தாது. கையில் சிகரெட் இருக்கும்வரை தூளை உதிர்க்கும் விரல் சும்மா இராது. இரண்டையும் சேர்த்தே விடுவது தனியே விடுவதைவிடக் கடினம் என்பதற்கு ஆய்வுச் சான்று பலமாக இல்லை.

மனநல வார்டில் இதே கேள்விக்கு வேறொரு அவசரம் இருக்கிறது. எரிந்த புகையிலும், புகையிலையானாலும் கஞ்சாவானாலும், கல்லீரலின் ஒரு நொதியத்தைத் தூண்டும் ஹைட்ரோகாபன்கள் உண்டு. குளோசபின், ஒலன்சபின் போன்ற மனநோய் மருந்துகளை உடைப்பது அதே நொதியம். தினமும் கலவை புகைப்பவருக்கு மருந்து வேகமாக உடைந்துபோகும். அதனால் மருத்துவர் கூடிய அளவு கொடுத்திருப்பார். அவர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டு, புகை முழுவதும் நின்ற சில நாட்களுக்குள் அதே அளவு இரத்தத்தில் ஏறி, கடும் தூக்கமும் தள்ளாட்டமும், குளோசபினாயின் சில வேளை வலிப்பும் வரலாம். நிக்கொட்டின் ஒட்டுப்பட்டை இதை மாற்றாது. நொதியத்தைத் தூண்டுவது நிக்கொட்டின் அல்ல, புகை. ஆகவே அனுமதிச் சீட்டில் கஞ்சா உண்டா என்பதோடு, எதில் கலந்து, நாளுக்கு எத்தனை சுருள் என்பதும் எழுதப்பட்டால்தான் மருந்தின் அளவைச் சரியாகக் குறைக்க முடியும்.